வெயில் வரைந்த பசு

மக்காச்சோளக் கதிர் முடி விடும் வாரம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கை ஊறும். இலை ஒடிக்கும் கை அது. கதிரின் நுனியில் இளஞ்சிவப்பாக முடி எட்டிப் பார்த்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள். செடியின் அடியிலிருந்து ஒவ்வோர் இலையாகச் சடக் சடக்கென்று ஒடித்து, கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் போடுவார்கள். மேய்ச்சல் நிலமெல்லாம் கரும்பாகிப் போன பிறகு மாட்டுக்கும் வேறு போக்கில்லை. அதோடு, கதிருக்கும் அதுதான் நல்லது என்று எல்லாரும் நம்பினார்கள். செடிக்குள் ஏறுகிற சாப்பாட்டை இலை உட்கார்ந்து தின்றுவிடுகிறதாம். இலையை எடுத்துவிட்டால் அத்தனையும் கதிருக்குப் போய்ச் சேருமாம். யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. மழை மேலிருந்து விழுகிறது என்பதைப் போல அதுவும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் நங்கிலா ஒருத்திதான் ஒடிக்காமல் இருந்தாள்.

எல்கன் மலைச் சரிவில் அவளுக்கு ஒரு ஏக்கர் இருந்தது. எண்பது வரிசை. அவளுக்கு இருந்தது என்று சொல்வதுகூட அந்த ஒரு போகத்துக்கு மட்டும்தான். கணவன் லுஸ்வெட்டி மொம்பாசாத் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவனுடைய அண்ணன் கயெம்பா அந்த ஏக்கரில் கரும்பு வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் குடும்பத்துக்கு மூத்தவரான சித்தப்பா மசிண்டே, மார்ச் மழைக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு முடிவு சொன்னார்.

"இந்த வயல் இதுவரைக்கும் ஒம்பது மூட்டைக்கு மேல தந்ததில்ல. இந்தப் போகம் லுஸ்வெட்டி பொண்டாட்டி செய்யட்டும். பன்னெண்டு மூட்டை எடுத்தா வயல் அவ கையில. எடுக்கலன்னா கரும்பு. அப்புறம் யாரும் என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

கரும்பு வந்தால் என்ன ஆகும் என்று நங்கிலாவுக்குத் தெரியும். தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் களி கிண்ட, தினமும் சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கயெம்பாவின் வீட்டுக்குப் போய் மாவு கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் தருவார்கள். தரும்போது ஒரு பார்வையும் சேர்ந்து வரும். அந்தப் பார்வையை நினைத்துத்தான் அவள் மண்வெட்டியைப் பிடித்தாள்.

கயெம்பாவின் மனைவி மெட்ரின், நங்கிலாவின் ஓரகத்தி. மெட்ரின் கெட்டவள் கிடையாது, வாய்தான் கொஞ்சம் காரம். அவளிடம் ஒரு கறவைப் பசு இருந்தது. ஒரு கொம்பு நேராகவும் ஒரு கொம்பு காதுப் பக்கம் வளைந்தும் இருக்கும். பிள்ளைகளை அதட்டினாலும் அந்த மாட்டை அதட்டமாட்டாள்.

முடி விட்ட மூன்றாம் நாள், தலையில் இலைக்கட்டோடு நங்கிலாவின் வரப்பில் வந்து நின்றாள் மெட்ரின்.

"என்னடி, உன் சோளம் கல்யாணத்துக்குக் கெளம்புதா? இத்தனை பாவாடை கட்டிக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும்க்கா. இலை வேணும் அதுக்கு."

"எதுக்குடி வேணும்? புள்ள பெத்த வீட்டுல பதினாலு விருந்தாளி உக்காந்து தின்னா, பெத்தவளுக்கு என்ன மிஞ்சும்?"

"அவங்க விருந்தாளி இல்லக்கா, சமையக்காரங்க."

மெட்ரின் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த இலைக்கட்டு ஆடியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சமையக்காரங்களாம். அடுப்பு எங்க இருக்கு?"

நங்கிலா மோவாயை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். பதினோரு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"புருஷன் பக்கத்துல இல்லன்னா இப்படித்தான் ஆகும்னு எங்கம்மா சொல்லும்," என்று சொல்லிக்கொண்டே மெட்ரின் போய்விட்டாள்.

நங்கிலா இதை எங்கே பிடித்தாள் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம், பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் வேலை பார்த்தாள். யாரும் அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. வாளியோடு கதவோரம் நின்று, எப்போது முடியும் எப்போது கழுவலாம் என்று காத்திருப்பாள். அதில் ஆறு வருஷமும் ஒரே பாடத்தைக் கேட்டுவிட்டாள். வேர் தண்ணீரை ஏற்றி அனுப்புகிறது. இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வாய்கள், அவை நாம் வெளியே விட்ட மூச்சைக் குடிக்கின்றன. பச்சை நிறம் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரையும் அந்தக் காற்றையும் சேர்த்து இனிப்பு பண்ணுகிறது. மிஞ்சுகிற நல்ல காற்றை நமக்கு விடுகிறது. இனிப்பு மாவாகிறது. மாவைச் செடி கதிருக்கும் கிழங்குக்கும் அனுப்புகிறது. மண் தருவதெல்லாம் குழம்புக்குப் போடும் உப்பு மாதிரி ஒரு சிட்டிகைதான்.

முதல் தடவை கேட்டபோது அவள் நம்பவில்லை. ஆறாம் தடவை கேட்டபோது அவளால் ஒரு செடியையும் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை சந்தைக்குப் போய் எண்ணெயும் சோப்பும் வாங்கிக்கொண்டு திரும்பியவள், வரப்பு முனையில் கூடையை இறக்கி வைத்தாள். தெற்கு ஓரத்தில் இருபது வரிசை மொட்டையாக நின்றது. ஒவ்வொரு செடியிலும் உச்சியில் இரண்டு இலை, நடுவில் முடி தொங்கும் ஒரு குட்டிக் கதிர், கீழே வெறும் தண்டு. அறுந்த இடங்களில் இன்னும் ஈரம் காயவில்லை.

மெட்ரின் மாட்டுக் கொட்டிலில் இருந்தாள். பசு சந்தோஷமாக மென்றுகொண்டிருந்தது.

"அக்கா, என்னக்கா இது?"

"நீ தனியா என்ன பண்ணுவேன்னுதான் ஒரு கை குடுத்தேன். மேல ரெண்டு இலைய விட்டு வச்சிருக்கேன், மழைத்தண்ணி உள்ள இறங்க. மீதி அறுபதையும் நாளைக்கு சங்கத்துப் பொண்ணுங்கள கூட்டிக்கிட்டு முடிச்சிடறேன். நீ பன்னெண்டு மூட்டை எடுக்கலன்னா எனக்கும்தான் அசிங்கம். ஓரகத்தி தோத்தா ஊரு என்னைத்தான் சொல்லும்."

நங்கிலாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மெட்ரின் பொய் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒரு பகல் முழுக்கக் குனிந்து ஒடித்திருக்கிறாள். விரலெல்லாம் இலை அறுத்த கீறல். அப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது?

கொட்டில் வாசலில் கயெம்பா வந்து நின்றான். "என்ன சத்தம்?"

"அத்தான், மீதி அறுபது வரிசைல யாரும் கை வைக்கக் கூடாது. மாமாவ வரச் சொல்லுங்க. நான் ஒண்ணு காட்டறேன். பாத்துட்டு அவரு ஒடிக்கச் சொன்னா நானே என் கையால ஒடிச்சுத் தர்றேன்."

கயெம்பா தாடையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வருவாரு. அதுவரைக்கும் ஒடிக்க வேணாம். ஆனா சொல்லிட்டேன், சித்தப்பாகிட்ட கதை சொன்னா எடுபடாது."

கதை சொல்ல அவளும் நினைக்கவில்லை.

வியாழன் காலையில் நங்கிலா, ஃபெலிஸ்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஃபெலிஸ்டா ஆற்றோரத்தில் சாங்கா காய்ச்சுபவள். கள்ளச் சாராயம்தான், எங்கள் ஊர்ப் பெயர் சாங்கா.

"உன்கிட்ட முதல் சொட்டு இருக்கா? தீ வச்சா நீலமா எரியுமே, அது."

ஃபெலிஸ்டா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "பாட்டுக் குழுவுல முன்வரிசையில நிக்கிறவ நீ. யாருக்கு இது?"

"ஒரு இலைக்கு."

"இலைக்கா? ஏண்டி, என் சரக்கு மனுசனுக்கே தாங்காது. நேத்து ஒருத்தன் தன் வீடுன்னு நெனச்சு கோழிக்கூண்டுல போய்ப் படுத்துக்கிட்டான்."

"இலை தாங்கும். ஒரு குப்பி குடு. உனக்கு அவரைக்காய் கொண்டாறேன்."

குப்பி கிடைத்தது. மருந்தகத்தில் காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சர் கொஞ்சம் கிடைத்தது. சமையலறைப் பக்கம் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்திருந்தது. தேயிலைப் பொட்டலத்தின் உள்ளே வரும் வெள்ளித்தாளை எடுத்து, நடுவில் ஒரு வட்ட ஓட்டை வெட்டி, அகலமான ஓர் இலைமேல் வைத்துத் துணிக் கிளிப்பால் கவ்வவிட்டாள். மூன்று மணி வரைக்கும் வெயிலில் விட்டாள். பிறகு இலையைப் பறித்து, பள்ளியில் பார்த்த மாதிரியே வெந்நீரில் போட்டு, சாங்காவில் போட்டு, கழுவி, டிங்சர் ஊற்றினாள்.

இலை முழுக்கக் கறுத்துப் போயிற்று. வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. தாள் மூடியிருந்த இடமும் கறுப்பு, மூடாத இடமும் கறுப்பு.

நங்கிலா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் இப்படி ஆகியிருந்தால்? இன்னொரு தரம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பாடம் நடக்கும் முன்பு பள்ளியில் என்ன செய்வார்கள்? அலமாரி. ஆமாம், அலமாரி. தொட்டிச் செடிகளை இரண்டு நாள் முன்னாலேயே இருட்டு அலமாரிக்குள் தூக்கி வைக்கச் சொல்வார்கள். தூக்கி வைத்தது அவள்தான். பெருக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் வைக்கச் சொல்கிறார்கள் என்று ஆறு வருஷமும் நினைத்திருந்தாள். இப்போதுதான் புரிந்தது. நேற்றுச் சமைத்தது இலைப்பானையில் இன்னும் மீதி இருந்திருக்கிறது. பானை காலியாக வேண்டும். இருட்டில் கிடந்தால்தான் செடி அந்த மிச்சத்தைத் தின்று தீர்க்கும். அதன் பிறகு புதிதாகச் சமைத்தது மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் பிடிக்கும் நீலப் பீப்பாயைத் தூக்கி வந்து கொடியின்மேல் கவிழ்த்தாள். ஓரத்தில் மண்ணை அணைத்தாள்.

"அம்மா, கொடி என்ன தப்பு பண்ணுச்சு?" என்று சின்னவள் கேட்டாள்.

"பசியா இருக்கணும்மா அது. கொஞ்ச நாளைக்கு."

ஞாயிறு விடியற்காலையில் பீப்பாயைத் தூக்கினாள். இந்தத் தடவை வெள்ளித்தாளில் வட்டம் வெட்டவில்லை. ஒரு பசு வெட்டினாள், ஒரு கொம்பு நேராக, ஒரு கொம்பு வளைவாக. கத்தரிக்கோலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். தாளை இலைமேல் வைத்துக் கவ்வவிட்டுவிட்டு வானத்தைப் பார்த்தால், மலை முழுக்க மேகம். கோயிலில் பாட்டுக் குழுவில் நின்றபோதும் அவள் கண் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஒன்பதரை மணிக்கு மூன்றாவது பாட்டின் நடுவில் வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. அன்றைக்கு அவள் குரல் மற்ற எல்லாரையும்விட ஓங்கி ஒலித்தது என்று பிறகு சொன்னார்கள்.

மூன்று மணிக்குக் கயெம்பாவின் முற்றத்தில் அவகாடோ மரத்தடியில் மசிண்டே வந்து உட்கார்ந்தார். மருமகள் முறையுள்ளவள் மாமனார் முறையுள்ளவருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, கையில் எதையும் கொடுக்கக் கூடாது, முகத்துக்கு நேரே பேசவும் கூடாது. அதனால் நங்கிலா பத்து எட்டுத் தள்ளி, பாதி முதுகு காட்டி, கரியடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒருவர் நின்று பேச்சையும் பொருளையும் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அது கயெம்பாவின் தலையில் விழுந்தது, வேறு ஆண் யாரும் அங்கே இல்லை. மெட்ரின் தூணில் சாய்ந்து நின்றாள். ஃபெலிஸ்டாவும் வந்திருந்தாள், தன் சரக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"என்ன காட்டப் போறான்னு கேளு," என்றார் மசிண்டே.

"என்ன காட்டப் போற?" என்றான் கயெம்பா.

"முதல்ல மத்தியானக் களியில கொஞ்சம் எடுத்துக் குடுங்கத்தான்."

வெள்ளைக் களிமேல் அவள் ஒரு சொட்டு டிங்சர் விட்டாள். பழுப்புச் சொட்டு, தொட்ட இடத்தில் கருநீலமாக மாறியது. பக்கத்தில் ஒரு துண்டு இறைச்சியின்மேலும் விட்டாள், அங்கே அது பழுப்பாகவே கிடந்தது.

"மாவு இருந்தா கருநீலம் ஆகும். மாவு இல்லன்னா ஆகாது. இது மட்டும் மனசுல இருக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லுங்க."

கயெம்பா தட்டைக் கொண்டுபோய்க் காட்டிச் சொன்னான். மசிண்டே களியை மோந்து பார்த்தார்.

பிறகு இலையைப் பறித்து வந்தாள். எல்லாரும் பார்க்க, தாளை எடுத்தாள். வெறும் பச்சை இலை, ஒரு மாற்றமும் தெரியவில்லை. மெட்ரின் உதட்டைச் சுழித்தாள். இலையைக் கொதிநீரில் முக்கி எடுத்த நங்கிலா, சாங்காவில் தீப்பிடிக்காமலிருக்கக் கரியடுப்பைத் தூரமாக நகர்த்தி வைக்கச் சொன்னாள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஓர் எனாமல் குவளையை இறக்கி, அதில் சாங்காவை ஊற்றி, இலையைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சாங்கா பச்சையாகிக்கொண்டே வந்தது, இலை வெளுத்துக்கொண்டே வந்தது.

"அந்தப் பச்சை எங்க போச்சுன்னு கேளு," என்றார் மசிண்டே.

கயெம்பா வாய் திறக்கும் முன் ஃபெலிஸ்டா முந்திக்கொண்டாள். "என் சரக்குல போச்சு, பெரியவரே. ஒரு குப்பி பாழ். இனிமே இதைக் கழுதைகூடக் குடிக்காது."

"நீ சும்மா இரு. ஊரதிகாரி காதுல விழப் போவுது."

வெளுத்த இலையை நங்கிலா எடுத்துக் கழுவித் தட்டில் விரித்தாள். செத்த இலை மாதிரி, பால் நிறத்தில் கிடந்தது. டிங்சரைத் தண்ணீரில் கலந்து, இலைமேல் மெதுவாக ஊற்றினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இலை முழுக்கப் பழுப்பாகத்தான் இருந்தது. பிறகு நடுவில் ஓர் இடம் இருண்டது. முதுகு வந்தது. நான்கு கால் வந்தது. வால் வந்தது. கடைசியில் தலை, ஒரு கொம்பு நேராக, ஒரு கொம்பு வளைவாக. பழுப்பு இலையின் நடுவில் கருநீலத்தில் ஒரு பசு நின்றது.

கயெம்பா குனிந்து பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கொண்டா இங்க," என்று மசிண்டே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கயெம்பா தட்டை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், ஒவ்வோர் அடியாக நடந்து போனான்.

"அது என் மாடு," என்றாள் மெட்ரின். "கொம்பப் பாருங்க. அது என் மாடுதான்."

மசிண்டே தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "இத யார் வரைஞ்சதுன்னு கேளு."

"யார் வரைஞ்சது?"

"வெயில்தான், அத்தான். பசு மாதிரி வெட்டின ஓட்டை வழியா வெயில் விழுந்த இடத்துல இலை மாவு சமைச்சிருக்கு. தாள் மூடின இடத்துல சமைக்க முடியல. தண்ணி வேர்லேருந்து எல்லா இடத்துக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு, மண்ணும் அதே மண்ணுதான். வெயில் மட்டும்தான் வேற."

கயெம்பா திரும்பினான். தான் கேட்டதைத் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். "சித்தப்பா, வெயில்தான் சமைக்குதாம். அதாவது, இலைதான் சமைக்குது, வெயில வச்சு. மண்ணு சமைக்கல."

"சமைச்சத யாரு திங்கறாங்க?"

"சமைச்சத யாரு திங்கறாங்க, நங்கிலா?"

"கதிருக்கு அனுப்புது. முடி விட்ட நாள்லேருந்து மணி முத்தற வரைக்கும் அதுக்குப் பெரும்பாலும் அந்த ஒரே வேலைதான். அப்பப் போயி இலைய ஒடிச்சா, அடுப்புல உலை வச்சிட்டு சமையக்காரிய வெளிய துரத்தின மாதிரி."

கயெம்பா மசிண்டே பக்கம் திரும்பினான். அந்த ஏக்கரில் கரும்பு வைக்க மூன்று வருஷம் கேட்டவன் அவன். ஆனால் நடுவில் நிற்கிறவன் வார்த்தையை மாற்றக் கூடாது. "இலைய ஒடிச்சா கதிரு பட்டினியாப் போவும், சித்தப்பா," என்றான், ஒரு சொல்லும் குறைக்காமல்.

மசிண்டே இலையை விரல்நுனியால் தொட்டார், களியைத் தொட்டார், மறுபடி இலையைத் தொட்டார்.

"எழுபத்தொரு வயசு எனக்கு. இத்தனை நாளா தட்டுல இருக்கிற களி எங்கேருந்து வருதுன்னு தெரியாமத்தான் தின்னுருக்கேன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "அறுபது வரிசையில ஒரு இலை ஒடியக் கூடாது. ஆனா பன்னெண்டு பன்னெண்டுதான். ஒரு தடவை சொன்னத மாத்த மாட்டேன். மொட்டையான இருபதும் அவ கணக்குலதான்."

"அப்ப என் மாடு எதத் திங்கும்?" என்றாள் மெட்ரின்.

"ஆத்தோரத்துலேருந்து தினம் ஒரு கட்டுப் புல்லு நான் கொண்டாறேன்க்கா," என்றாள் நங்கிலா.

சொன்னபடியே செய்தாள். ஜூலையிலிருந்து தினமும் கருக்கலில் அரிவாளோடு ஆற்றுக்கு இறங்கி, வெயில் ஏறும் முன் ஒரு கட்டோடு ஏறி வந்தாள். ஆகஸ்டில் விருத்தசேதனச் சடங்குக்கு நாள் குறித்த பையன்கள் கையில் மணியடித்துக்கொண்டு உறவுக்காரர்களைக் கூப்பிட ஊர் ஊராக ஓடியபோது, அவர்கள் வழிவிட்டு நிற்க, புல்கட்டோடு நடந்தாள். சந்தையில் பெண்கள், "நங்கிலா, இன்னைக்கு உன் இலை என்ன சமையல்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "நேத்து மாதிரிதான். குழம்பு மட்டும் நீங்க வைக்கணும்," என்பாள்.

ஒன்பது நாள் வானம் மூடிக் கிடந்தது ஒருமுறை. மழை வந்ததற்கு ஊர் முழுக்க மகிழ்ந்தது. அவள் மட்டும் அடுப்பில் தீ இல்லாத வீட்டுக்காரி மாதிரி வயலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பத்தாம் நாள் சூரியன் வந்தது. அறுபது வரிசையும் பதினாலு பதினாலு இலையை அகல விரித்து அதைப் பிடித்துக்கொண்டதை அவள் நின்று பார்த்தாள். சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் அத்தனை இலையும் வேலையில் இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

அக்டோபரில் உறை காய்ந்து கதிர்கள் தலை கவிழ்ந்ததும் அறுவடைக்கு மெட்ரின் தானாகவே வந்தாள். மொட்டை வரிசையில்தான் தொடங்கினார்கள். மெட்ரின் முதல் கதிரை உரித்தாள். கை அளவு கதிர், நுனிப் பக்கம் பாதி வெறும் சக்கை, மீதியிலும் மணிகள் சுருங்கி, பல்லுப் போன வாய் மாதிரி இடைவெளி. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

மெட்ரின் எழுந்து, இருபத்தோராவது வரிசைக்குப் போய் ஒரு கதிரை உடைத்து உரித்தாள். அடியிலிருந்து நுனிவரை மணி மணியாக நெருக்கமாக அடுக்கி, கனமாக இருந்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அப்படியே வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினேழு வருஷம்டி," என்றாள். "என் வயல்ல பதினேழு வருஷம் என் கையால ஒடிச்சிருக்கேன். மண்ணுல பலம் இல்லன்னு மண்ணத் திட்டினேன். விதை சரியில்லன்னு கடைக்காரனத் திட்டினேன்."

"நல்லதுக்குன்னுதானேக்கா செஞ்சீங்க."

"வாய மூடு. அழ வைக்காத. வேலையப் பாரு."

கதிர்கள் வெயிலில் நன்றாகக் காய்ந்தபின், முற்றத்தில் சாக்குகளில் போட்டுக் கட்டித் தடியால் அடித்து மணி உதிர்த்தார்கள். அன்றைக்கு மசிண்டே அவகாடோ மரத்தடியில், நங்கிலா பத்து எட்டு தள்ளி. மூட்டை கட்டுவது கயெம்பா. மொட்டை இருபது வரிசை முதலில் வந்தது. ஒன்றரை மூட்டை. கயெம்பா அரை மூட்டையைத் தனியாக வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான், மெட்ரின் தரையைப் பார்த்தாள்.

பிறகு அறுபது வரிசை. நிறைந்திருந்த அந்த ஒரு மூட்டையோடு சேர்த்தே எண்ணிக்கை தொடர்ந்தது: இரண்டு, மூன்று, நான்கு. தடிகள் விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து வேலியில் சாய்ந்தார்கள். ஒன்பதாவது மூட்டையைக் கட்டியபோது அந்த வயலின் பழைய அளவு முடிந்தது. குவியல் இன்னும் இடுப்பளவுக்குக் கிடந்தது. நங்கிலா எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து. பதினொன்று. கயெம்பா பன்னிரண்டாவது மூட்டையின் வாயைச் சணலால் தைத்து, முடிச்சுப் போட்டு, நிமிர்ந்து நின்றான். குவியல் இன்னும் தீரவில்லை.

"நிறுத்தாத," என்றார் மசிண்டே. "இருக்கிறது முழுக்க கட்டு."

பதிமூன்றாவதும் நிறைந்தது. தனியாக நின்ற அரை மூட்டையோடு பதிமூன்றரை.

"அந்த இருபதும் ஒடிக்காம இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

கயெம்பா விரல் விட்டு எண்ணினான். "பதினாறு, சித்தப்பா."

"அப்போ உன் பொண்டாட்டி மாடு ஒரே நாள்ல ரெண்டரை மூட்டை தின்னுருக்கு. இந்த மாவட்டத்துலேயே பெரிய வயிறு அதுக்குத்தான்."

வேலியோரம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. மெட்ரினும் சிரித்துவிட்டாள், முந்தானைத் துணியால் வாயை மூடிக்கொண்டு.

மசிண்டே தடியை ஊன்றி எழுந்தார். வழக்கப்படி யாரையும் பார்க்காமல், மரத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கயெம்பா, கரும்ப வேற எங்கயாவது வச்சுக்கோ. அந்த ஏக்கர் நங்கிலாவோடது. அவ மண்வெட்டிய கீழ வைக்கிற நாள் வரைக்கும் அவளோடதுதான். அவளுக்கப்புறம் அவ பொண்ணுங்களோடது. வேலியில நிக்கிறவங்க எல்லாரும் சாட்சி."

பொண்ணுங்களோடது என்ற சொல் விழுந்ததும் வேலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அப்படி ஒரு வார்த்தையை அந்த முற்றத்தில் யாரும் கேட்டதில்லை. பிறகு ஃபெலிஸ்டா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள், ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள், சரிவு முழுக்கக் கேட்டது.

கயெம்பா நங்கிலாவிடம் வந்தான். "அடுத்த போகத்துக்கு எங்க வயல்லயும் இலைய விடச் சொல்லியிருக்கேன்," என்றான், வேறு யாரோ செய்த முடிவைச் சொல்வது போல. "மாட்டுக்கு யானைப்புல்லு வைக்கலாம்னு இருக்கேன், வரப்போரமா. எப்படி வைக்கிறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தான். கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்."

அவள் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அடித்தது. மொம்பாசாவிலிருந்து லுஸ்வெட்டி. எடுத்துக் காதில் வைத்தாள். "என்ன ஆச்சு? எவ்வளவு? நங்கிலா, எவ்வளவு?" என்று அவன் கேட்பது வெளியே எல்லாருக்கும் கேட்டது.

மெட்ரின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பதிமூணரை, கொழுந்தனாரே. என்னது? ஆமா, சரியாத்தான் எண்ணுனோம். உங்கண்ணன் வாயால எண்ணுனாரு, போதுமா? அங்க உக்காந்து கப்பலைக் காவல் காத்தது போதும், லீவு போட்டு வந்து மூட்டையத் தூக்குங்க. எங்களுக்கு முதுகு ஒடியுது."

நங்கிலா அதற்குள் அந்த அரை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, குலவைச் சத்தத்தின் நடுவே, தன் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தாள்.